பெயரில்லாத போஸ்டர்

போன மாதம் ஓர் இணையச் செய்தித்தளத்தில் வேலை செய்யும் பிள்ளைகள் நாலைந்து பேர் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். செபராங் ஜெயாவில் ஒரு கடைவீட்டின் மாடியில் அவர்கள் அலுவலகம். "ஆன்ட்டி, ஆன்லைன் கட்டுரைக்கு எப்படித் தலைப்பு வைக்கிறதுன்னு கொஞ்சம் சொல்லிக் கொடுங்க" என்றார்கள். நான் ஓய்வு பெற்றபோது எங்கள் பத்திரிகைக்கு இணையப் பக்கம் தொடங்கிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. எனக்கு என்ன தெரியும் என்று கூப்பிட்டார்களோ, தெரியவில்லை. கறிபாப் பலகாரம் வாங்கி வைத்திருந்தார்கள், போனேன்.

திரையில் அன்றைய தலைப்புகளை ஓடவிட்டார்கள். அதில் ஒன்று: "வேலைக்குப் போன இளம்பெண்... அடுத்து நடந்தது என்ன?" எந்தப் பெண், எந்த ஊர், ஒன்றும் இல்லை.

"இன்னிக்கு இதான் ஆன்ட்டி டாப். பேர் போட்டா யாரும் க்ளிக் பண்ண மாட்டாங்க" என்று ஒரு பெண் பெருமையாகச் சொன்னாள். நல்ல பிள்ளை, கெட்டிக்காரி. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, ஏதோ இரண்டு பொதுவான வார்த்தை சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அன்று வாயில் வராததை இப்போது எழுதுகிறேன்.

நான் டத்தோ கிராமாட்டில் வளர்ந்தவள். அப்பா ரயில்வேயில் கிராணி, அதாவது குமாஸ்தா, யாழ்ப்பாணத்து வழி. மகள் அரசாங்க அலுவலகத்தில் உட்கார்ந்து தட்டச்சு செய்ய வேண்டும் என்பது அவர் ஆசை. நான் இரண்டு வருடம் தற்காலிக ஆசிரியையாக இருந்து, அது நிரந்தரமாகாமல், பத்திரிகைக்குப் பிழை திருத்தப் போனேன். மூன்று வருடம் பிழை திருத்தினேன், பிறகு உதவி ஆசிரியர் நாற்காலி கிடைத்தது. அப்பா என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. பயிற்சி என்று சொல்லிக்கொள்ள அவ்வளவுதான்.

எங்களுடையது மதியப் பத்திரிகை. ஜார்ஜ் டவுனில் துறைமுகத்துக்குப் பக்கத்துச் சந்தில் அச்சகமும் அலுவலகமும் ஒரே கட்டடம். காலை பதினொரு மணிக்கு முதல் பக்கத்தை மூடிவிடுவோம். பன்னிரண்டரைக்கு வேன் ஃபெர்ரியில் ஏறியாக வேண்டும். எங்கள் தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் பாலம் வராத காலம் அது. ஒவ்வொரு கடைக்கும் பத்திரிகைக் கட்டோடு ஒரு போஸ்டர் போகும். கடைக்காரர் அதைக் கம்பிச் சட்டத்தில் செருகி வாசலில் தொங்கவிடுவார். போஸ்டரில் செய்தி இருக்காது. பெரிய மர எழுத்தில் ஒரே ஒரு தலைப்பு இருக்கும். அதைப் பார்த்து ஆசைப்பட்டவர் பத்திரிகையை வாங்குவார், மற்றவர்கள் போஸ்டரை மட்டும் படித்துவிட்டுப் போவார்கள். அந்த மற்றவர்கள்தான் அதிகம். இது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

போஸ்டர் எழுதுவதில் எங்கள் செய்தி ஆசிரியர் ஹமீது அண்ணனை மிஞ்ச ஆள் கிடையாது. நாற்பத்தைந்து வயது இருக்கும், எப்போதும் வெள்ளைச் சட்டை, காதில் ஒரு சிவப்புப் பென்சில். குரலை உயர்த்த மாட்டார். கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார், அதுதான் பயமாக இருக்கும். மாதிரிப் போஸ்டர் அச்சாகி வந்ததும் அதை எடுத்துப்போய் எதிர்ச்சாரிக் கடையின் தூணில் குத்திவிட்டு, சாலையைக் கடந்து வந்து நம் வாசலில் நின்று திரும்பிப் பார்ப்பார். "சத்து, டுவா, தீகா" என்று மலாயில் மூன்று எண்ணுவார். அதற்குள் படித்து முடிக்க முடியாவிட்டால் போஸ்டர் திரும்பிப் போகும்.

"மோட்டர்ல போறவன் தலையத் திருப்பி மூணு எண்றதுக்குள்ள படிச்சிடணும் டீச்சர். நாலாவதுக்குள்ள அவன் எவனையாவது போய் மோதிடுவான்லா" என்பார். பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள் என்பதால் கடைசிவரை நான் அவருக்கு டீச்சர்தான்.

அவரிடம் சில சட்டங்கள் உண்டு. ஆறு சொல்லைத் தாண்டக்கூடாது. ஊர்ப் பெயர் இருக்க வேண்டும். ஆள் பெயர் இருக்கவே கூடாது. "பேர போட்டா அது ஒரு வீட்டுக் கதை. பேர எடுத்துட்டா அந்த ஊர்ல வயசுப் பொண்ணு இருக்கற எல்லா வீட்டுக் கதை. எல்லாரும் வாங்கிப் பாப்பான்" என்று விளக்கமும் சொல்வார். உறுதியில்லாத செய்தி என்றால் கடைசியில் ஒரு கேள்விக்குறி. தப்பாகிப் போனால் ஆறாம் பக்கத்தின் அடியில், தொலைந்த அடையாளக் கார்டு அறிவிப்புகளுக்குக் கீழே, நாலு வரித் திருத்தம். திருத்தத்துக்கு ஒருநாளும் போஸ்டர் கிடையாது. நான் இதையெல்லாம் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். நான்கு வருடத்தில் அவரைப் போலவே எழுதக் கற்றுக்கொண்டுவிட்டேன் என்ற தலைக்கனமும் எனக்கு இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை சுங்கை பாக்காப் நிருபர் தொலைபேசியில் ஒரு செய்தி சொன்னார். அங்கே ஒரு தோட்டத்தில் பத்தொன்பது வயதுப் பெண், பெயர் கோமதி. வெள்ளிக்கிழமை விடியுமுன் தொழிற்சாலை பஸ் ஏறப் போனவள் திரும்பவில்லை. அப்பா முனியாண்டி போலீசில் ரிப்போர்ட் செய்திருக்கிறார். கடைசியாக நிருபர் ஒன்று சேர்த்தார்: அதே தோட்டத்தில் லாரி ஓட்டும் ஒரு பையனையும் இரண்டு மூன்று நாளாகக் காணவில்லையாம், ஜனங்கள் ஏதேதோ பேசுகிறார்களாம்.

செய்தியை நான் ஒழுங்காகத்தான் எழுதினேன். அப்பா சொன்னது, போலீஸ் சொன்னது, பையனைப் பற்றி ஒரே ஒரு வரி. தலைப்பு "சுங்கை பாக்காப்பில் இளம்பெண்ணைக் காணவில்லை" என்று வைத்தேன். ஹமீது அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை வாய்விட்டுப் படித்தார்.

"இது போலீஸ் நோட்டீஸ் டீச்சர். இத யாரு வாங்குவா?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. தாளைப் பிடுங்கிக்கொண்டு வந்து, ஐந்து நிமிடத்தில் வேறு எழுதிக் கொடுத்தேன்: "கோமதி காதலனுடன் ஓட்டமா?"

அவர் முகம் மலர்ந்தது. சிவப்புப் பென்சிலால் கோமதியை அடித்துவிட்டு மேலே எழுதினார். போஸ்டர் இப்படிப் போனது: "சுங்கை பாக்காப் பெண் காதலனுடன் ஓட்டமா?"

அன்று மூன்று மணிக்குள் பெருநிலத்துக் கடைகளில் ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. ஹமீது அண்ணன் எனக்கு மீ கோரிங் நூடுல்ஸ் வாங்கித் தரச் சொன்னார். காரம் தூக்கலாக இருந்தது. ஒரு துளி மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். இதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதுவதில் நேர்மை இருக்காது.

வியாழக்கிழமை காலை ஒன்பதரை மணி இருக்கும். குள்ளமான ஒருவர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். எங்கள் அலுவலகத்தில் யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை. சலவைச் சட்டை, மடிப்புக் கலையாத கால்சட்டை, விரல்களில் மட்டும் ரப்பர் பால் கறை. கையிலிருந்த பிளாஸ்டிக் பைக்குள்ளிருந்து எட்டாக மடித்த எங்கள் போஸ்டரை எடுத்து என் மேசைமேல் விரித்தார்.

"நான் முனியாண்டிங்க. கோமதியோட அப்பா. இத எழுதுனது யாருங்க?"

அடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். "நான்தான்" என்றேன்.

"நல்லதா போச்சு தாயீ. அவன் யாரு, எந்த ஊரு, அத மட்டும் சொல்லிடு. நான் சண்டைக்குப் போவல. சத்தியமா திட்டக்கூட மாட்டேன். அவ நல்லா இருக்கறாளான்னு ஒரு கண்ணு பாத்துட்டு வந்துடறேன்."

எனக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. எங்களுக்கு அவள் இருக்குமிடம் தெரியும் என்று நம்பி வந்திருக்கிறார் மனிதர்.

"ஐயா, எங்களுக்குத் தெரியாதுங்க."

"தெரியாமலா தாயீ இவ்ளோ பெரிய எழுத்துல போடுவாங்க?"

நான் அந்தக் கேள்விக்குறியைத் தொட்டுக் காட்டினேன். வெட்கம் கெட்டவள், அதையும் செய்தேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்தக் குறியால் அவருக்கு ஓர் உபயோகமும் இல்லை.

"லாரி ஓட்டற பையன்னுதான் மொதல்ல பேசிக்கிட்டாங்க. அவன் நேத்து வந்துட்டான். ஈப்போவுல அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தானாம். கால்ல விழாத கொறையா கேட்டேன், அவனுக்கு ஒன்னுமே தெரியல. அப்ப வேற யாரோ, பேப்பர்க்காரங்களுக்குத்தான் தெரியும்னு வந்தேன்."

"தேடிக்கிட்டு இருக்காங்களா இப்ப?" என்று கேட்டேன்.

"திங்கக்கெழம வரைக்கும் பையனுங்க மோட்டர எடுத்துக்கிட்டு தேடுனானுங்க. ஆத்தோரம், செம்பனைக் காடு, ரோட்டோரச் சாக்கடைக் கானு, ஒன்னு விடல. செவ்வாக்கெழம இது கடையில தொங்குச்சு. வேலை வாங்கற மண்டோர் சொல்லிட்டாரு, பேப்பர்லயே வந்திருச்சு, ஓடிப்போனவள எதுக்குடா தேடறீங்க, வேலையப் பாருங்கன்னு. எம் பொஞ்சாதி அழுவறதக்கூட நிறுத்திட்டா. வெக்கத்துல கதவ சாத்திக்கிட்டு ஒக்காந்திருக்கா."

அவள் காணாமல் போய் ஏழாவது நாள். அதில் கடைசி இரண்டு நாள் அவளை யாருமே தேடவில்லை, அதற்குக் காரணம் என் ஐந்து நிமிட எழுத்து. சுவர்க் கடிகாரத்தில் பத்தாக ஐந்து நிமிடம். பதினொன்றுக்கு முதல் பக்கம் மூடிவிடும். அவரை வாசல் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு ஹமீது அண்ணன் மேசைக்கு ஓடினேன்.

முழுவதும் கேட்டார். "ஆறாம் பக்கத்துல நாலு வரி போடு டீச்சர். வழக்கம் அதான்."

"ஆறாம் பக்கத்த யாருண்ணே பாக்கறா? அந்த மண்டோர் பேப்பரே வாங்கியிருக்க மாட்டாரு. போஸ்டர பாத்துதான் தேடறத நிறுத்தச் சொல்லியிருக்காரு. போஸ்டர்ல போட்டாத்தான் மறுபடி தேடுவாங்க."

"போஸ்டர்ல தப்புன்னு போடறதா?" அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது. "நாளைக்கு எவன் நம்ம நம்புவான்? மொதலாளி தவுக்கே என்னைய உக்கார வெச்சு சோறு போடுவாரா?"

"நம்பினதாலதானே அண்ணே நிறுத்திட்டாங்க!"

நான் கத்திவிட்டேன். அலுவலகத்தில் தட்டச்சுச் சத்தம் நின்றது. நான்கு வருடத்தில் அவரிடம் யாரும் கத்தி நான் பார்த்ததில்லை. அவர் என்னைத் தாண்டி வாசல் பெஞ்சைப் பார்த்தார், பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். மணி பத்து பத்து.

"எழுதிக் கொண்டா. பாத்துட்டு சொல்றேன்."

இருபது வருடத்துக்கு மேல் தலைப்பு எழுதியிருக்கிறேன். அந்த அரைமணி நேரத்தைப் போல வேறெதுவும் என்னை வதைத்ததில்லை. முதலில் கை தானாக எழுதியது: "காணாமல் போன பெண் எங்கே?" அதே பழைய வித்தை. கிழித்தேன். "கோமதி ஓடவில்லை" என்று எழுதினேன். அதுவாவது எனக்குத் தெரியுமா? ஆசைப்படுகிறேன், அவ்வளவுதான். அதையும் கிழித்தேன். எனக்கு என்னதான் தெரியும் என்று ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தேன். அவள் பெயர் தெரியும். அவளைக் காணோம் என்று தெரியும். நாங்கள் எழுதியதற்கு ஆதாரம் இல்லை என்று தெரியும். யாராவது தேட வேண்டும் என்று தெரியும். பத்து நாற்பதுக்கு எடுத்துப் போனேன்.

"கோமதியைக் காணோம். தேடுங்கள். ஓட்டம் என்றது தவறு."

ஆறு சொல். அவருடைய அந்தச் சட்டத்தை மட்டும் நான் மீறவில்லை.

ஹமீது அண்ணன் கண்ணை மூடிப் படித்தார். காதிலிருந்து பென்சிலை எடுத்தார். அதன் முனை நேராகப் போய் 'கோமதி'யின் மேல் நின்றது. அடிக்கப் போகிறார் என்றால் கையைப் பிடித்துவிடுவது என்றே முடிவு செய்திருந்தேன். பெஞ்சிலிருந்து முனியாண்டி இருமும் சத்தம் கேட்டது. பென்சில் அந்தப் பெயரைத் தாண்டி இறங்கி, அடியில் போய் எழுதியது. எங்கள் அலுவலகத் தொலைபேசி எண். அந்த யோசனை எனக்கு வரவில்லை. அந்தப் பெருமை இன்றுவரை அவருடையதுதான்.

மாதிரிப் போஸ்டர் வந்ததும் எதிர்த் தூணில் குத்திவிட்டு வந்து வாசலில் நின்றார். "சத்து, டுவா..." மூன்று எண்ணவில்லை. "அனுப்பு. தவுக்கே கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு."

வேன் பத்து நிமிடம் தாமதித்து, பன்னிரண்டு நாற்பதுக்குப் போனது. முனியாண்டியைப் போகச் சொன்னோம், போகவில்லை. பெஞ்சில் அவருக்குப் பக்கத்தில் வைத்த தேநீர் ஆறி, மேலே ஆடை படிந்தது. முதல் தொலைபேசி, ஓடிப்போனவளுக்கு இரண்டு போஸ்டரா என்று திட்டுவதற்கு. அடுத்தது, தைப்பிங்கில் யாரையோ பார்த்ததாக, வயது பொருந்தவில்லை. பிறகு ஒரு மணி நேரம் மணியே அடிக்கவில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் நான் சாமியிடம் வேண்டிக்கொண்டதை எல்லாம் எழுதினால் சிரிப்பீர்கள்.

மூன்று மணி சுமாருக்கு ஒரு பெண் பேசினாள். காசு போடும் தொலைபேசி, அவசரக் குரல்.

"பேப்பர் ஓப்பிஸா? நான் இந்தப் பக்கம், பெருநிலத்து ஆஸ்பத்திரியில அட்டெண்டனா இருக்கேன். எங்க வார்டுல ஒரு தமிழ்ப் பொண்ணு கெடக்கு, வெள்ளிக்கெழமையிலேருந்து. ரோட்டுல அடிபட்டு கெடந்துச்சாம், யாரோ ஒரு லாரிக்காரர் தூக்கியாந்து போட்டுட்டுப் போயிருக்காரு. பையி, ஐசி கார்டு, ஒன்னும் இல்ல. தலையில அடி. நேத்துதான் கண்ணு முழிச்சுச்சு. பேரு கேட்டா கோமதின்னுது. வேற ஒன்னும் சொல்லத் தெரியல."

முனியாண்டி எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றிருந்தார். "எடது முட்டிக்கைல சுட்ட தழும்பு இருக்கும். சின்னதுல சுடுதண்ணி கொட்டிருச்சு" என்றார்.

"பாத்துட்டு வர்றேன், இருங்க" என்றாள் அவள். காசு தீர்ந்து தொடர்பு அறுந்தது.

அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்கவில்லை, எந்த வார்டு என்று கேட்கவில்லை. இத்தனை வருடம் செய்தி வேலை பார்த்தவள் நான். ஹமீது அண்ணன் ஒரு வார்த்தை திட்டவில்லை. மூன்று பேரும் அந்தக் கறுப்புத் தொலைபேசியைச் சுற்றி நின்றுகொண்டிருந்தோம். பன்னிரண்டு நிமிடம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்ததால் சரியாக நினைவிருக்கிறது.

மணி அடித்தது. "இருக்குலா. முட்டிக்கைல, அம்பது காசு அளவுக்குத் தழும்பு."

முனியாண்டி தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் வார்டு எண்ணை எழுதிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் இன்னொன்றும் சொன்னாள். "செவ்வாக்கெழம போஸ்டரையும் பாத்தேன்லா, வேலைக்கு வர்ற வழியில. எவளோ ஓடிப்போனவளாம்னு நெனச்சுட்டுப் போய்ட்டேன். நேத்து இது பேரு சொன்னப்பகூட அது ஞாபகத்துக்கே வரல. அன்னிக்கே பேரு போட்டிருந்தீங்கன்னா நேத்தே போன் அடிச்சிருப்பேன்."

இதை நான் அப்படியே ஹமீது அண்ணனிடம் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாமோ என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். அவர் சாவியை எடுத்துக்கொண்டு, "வாங்கண்ணே, நம்ம கார்ல போயிடலாம்" என்று முனியாண்டியை எழுப்பி, வாசலில் குனிந்து அவர் செருப்பைக் கால்பக்கம் நகர்த்தி வைத்தார்.

எல்லாம் இதோடு முடிந்திருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். பத்து நாள் கழித்து முனியாண்டி மறுபடி வந்தார். கோமதி தேறிக்கொண்டிருக்கிறாள், இன்னும் இரண்டு வாரத்தில் வீட்டுக்கு விட்டுவிடுவார்கள், ஞாபகமும் திரும்பிவிட்டது என்றார். சந்தோஷமாக வந்திருப்பார் என்று பார்த்தால் முகம் வாடிக் கிடந்தது.

"அந்த மொதல் போஸ்டர யாரோ பெரட்டுக் களத்துச் சொவத்துல ஒட்டி வெச்சிருக்காங்க தாயீ. காலையில பேரு கூப்பிடறப்ப எல்லாரும் அங்கதான் நிக்கணும். கிழிச்சா மறுநாள் வேற ஒன்னு ஒட்டறானுங்க. ஆஸ்பத்திரியில கெடந்தாளாம், அதுக்கு முன்னாடி எங்க இருந்தாளோன்னு பேசறானுங்க. அவ வந்து அதே தோட்டத்துலதான் குடியிருக்கணும்."

"நாங்க விவரமா ஒரு செய்தி எழுதிடறோம் ஐயா" என்றேன்.

"செய்தி வேணாம். எனக்கு ஒரு போஸ்டர் வேணும். அதே அளவு எழுத்துல. அதுமேலேயே ஒட்டிடுவேன்."

ஹமீது அண்ணன் எழுந்து வந்தார். "என்ன போடணும்னு நீங்களே சொல்லுங்கண்ணே" என்றார்.

மறுநாள் போஸ்டர் இப்படிப் போனது: "கோமதி ஓடவில்லை. விபத்தில் சிக்கி மருத்துவமனையில் இருந்தார்." மர எழுத்து அதே அளவு. வேனில் நானும் ஏறிப் போய், சுங்கை பாக்காப்பில் ஒவ்வொரு கடையிலும் என் கையாலேயே சட்டத்தில் செருகினேன். முனியாண்டிக்கென்று தனியாகப் பத்துப் பிரதி கொடுத்தேன். ஒரு கடைக்கார அம்மா போஸ்டரைப் படித்துவிட்டு, "எல்லாத்தையும் இதுலயே சொல்லிட்டீங்களே, இனி எதுக்கு பேப்பர் வாங்குவாங்க?" என்று சலித்துக்கொண்டார்.

போன வாரம் இந்தக் கதையை அந்தச் செபராங் ஜெயாப் பெண்ணுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவள் எழுதிய இளம்பெண்ணுக்கு என்ன பெயர் என்று கேட்டேன், அவளுக்குச் சட்டென்று ஞாபகம் வரவில்லை. "எல்லாத்தையும் தலைப்புலயே போட்டுட்டா யாரும் உள்ள வரமாட்டாங்களே ஆன்ட்டி" என்றாள். உண்மைதான். யாரும் வரமாட்டார்கள்.

அந்தக் கடைசிப் போஸ்டர் போன அன்று சாயங்காலம், சுங்கை பாக்காப் பக்கம் போன பத்திரிகைக் கட்டுகள் கயிறு அவிழ்க்காமலே திரும்பி வந்தன. வேன்காரர் அவற்றைப் படியோரம் அடுக்கிவிட்டுப் போனார். ஹமீது அண்ணன் வெளியே வந்து, ஒரு கட்டைத் தன் காலால் லேசாகத் தள்ளிப் பார்த்தார். இன்று எனக்கு வேலை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

"ஒன்னுகூட விக்கல டீச்சர்" என்றார். "எல்லாரும் படிச்சிட்டாங்க போல."